மூன்றாம் மாடியிலிருந்து தொங்கிய நீல வால்

ஒரு மடிக்கணினி மூன்றாம் மாடி ஜன்னல் வழியாகத் தன் வாலைத் தரைவரை தொங்கவிட்டு, கீழே இருந்த இணையத்தை மடக் மடக்கென்று குடித்தது. குடித்து முடித்ததும் அதற்குக் காது கேட்டது, வாய் பேசியது. வாலால் குடிக்கும் பிராணியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்தேன். சனிக்கிழமை, பட்டப்பகல், எங்கள் கட்டடம்.

நம்ப முடியவில்லையா? பரவாயில்லை. தரைத்தளத்தில் அலுவலகம் வைத்திருக்கும் வக்கீலும் நம்பவில்லை. அவர் எதையுமே நம்ப மாட்டார். நகலை அசலோடு வைத்துப் பார்த்து, இது சரியான நகல்தான் என்று முத்திரை குத்துவது அவர் தொழில். அந்தப் பழக்கம் மூக்கு நுனிவரை ஏறிவிட்டது. மழை பெய்கிறது என்று சொன்னால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுவார், நனைந்த கையை முகர்ந்து பார்ப்பார், பிறகு “அப்படித்தான் தெரியுது” என்பார்.

நான் ஒரு பெரிய அலுவலகத்தில் லிஃப்ட் இயக்கி ஓய்வுபெற்றவன். மேலும் கீழுமாக நான் போன தூரத்தைக் கூட்டினால், நிலாவுக்குப் போய் அங்கே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஆனால் பாருங்கள், நான் குடியிருப்பது லிஃப்டே இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடி. பிள்ளைகளுக்கு நான் லிஃப்ட் தாத்தா.

எனக்கு எதிர்வீடு பட்டாணியின் வீடு. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு நல்ல நீளமான பெயர் உண்டு. ஆனால் உருண்டு திரண்டு, ஓர் இடத்தில் நிற்காமல் ஓடுகிற பதினொரு வயதுப் பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவது?

வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும்தான். அம்மாவுக்கு மருந்துக்கடையில் வேலை. கிளம்பும்போது, “இவளைக் கொஞ்சம் பாத்துக்குங்கப்பா” என்று என்னிடம் சொல்லுவார். படியில் இறங்கும்போது பட்டாணியிடம், “தாத்தாவைக் கொஞ்சம் பாத்துக்கோ” என்பார். இரண்டாவது வேலைதான் கடினம்.

கடை மூடி அம்மா வீடு வரும்போது பட்டாணி தூங்கிப்போயிருப்பாள். காலையில் அவள் கண் விழிக்கும்போது அம்மா கிளம்பிக்கொண்டிருப்பார். பேச வேண்டியதையெல்லாம் இருவரும் பல் துலக்கும் நேரத்தில் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். வாயில் நுரையோடு அவர்கள் பேசுவது எனக்கு ஒரு சொல்லும் புரிந்ததில்லை. அவர்களுக்குப் புரியும்.

இந்த நிலைமை மாற ஒரு வழி வந்தது. மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்த்துவிட்டுப் பேசிப் பதிவு செய்யும் குறிப்புகளைக் கேட்டு, அப்படியே தட்டச்சு செய்யும் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். அந்த வேலைக்கான தேர்வு சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, கணினி வழியாக. அவர்கள் பேசுவது அம்மாவுக்குக் கேட்க வேண்டும், அம்மா பேசுவது அவர்களுக்குக் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுதான் என்பதில்தான் வம்பு.

அவர்கள் வீட்டு மடிக்கணினி என் வயதுக்காரன். பேட்டரி எப்போதோ உயிரை விட்டுவிட்டது, சுவரிலிருந்து மின்சாரம் வந்தால்தான் கண் திறக்கும். திரையின் கீல் உடைந்திருந்தது. மாவு டப்பாவில் சாய்த்து, ஒரு குறிப்பிட்ட கோணத்தில் நிறுத்தினால்தான் படம் தெரியும். ஒரு விரல் நகர்ந்தாலும் திரை இருண்டுவிடும். அதனால் மேசைமேல் அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார்கள். மடிக்கணினி என்றுதான் பெயர். யார் மடியிலும் அது உட்கார்ந்ததில்லை.

வேகம்? பொத்தானை அழுத்திவிட்டு, குளித்து, சாப்பிட்டு, முடிந்தால் ஒரு பட்டப்படிப்பும் படித்துவிட்டு வந்தால் அப்போதுதான் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும்.

இதை வைத்துக்கொண்டு அம்மா எப்படித் தேர்வு எழுதுவார் என்று பட்டாணி யோசித்தாள். பள்ளிக் கணினிக் குழுவின் ஆசிரியையிடம் கேட்டாள். அவர் ஒரு பென்டிரைவைக் கொடுத்தார். அதில் இருந்தது லினக்ஸ். கணினியை உள்ளேயிருந்து நடத்தும் பெரிய நிரலுக்கு இயங்குதளம் என்று பெயர். லினக்ஸ் அந்த வகையைச் சேர்ந்தது. காசு கேட்காது, கிழட்டுக் கணினியையும் ஓட வைக்கும். அம்மாவும் சம்மதித்தார். இது முனகுவதை நிறுத்தினால் போதும், எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள் என்றாராம்.

சனிக்கிழமை காலையில் அம்மா கடைக்குப் போனதும், பட்டாணி வேலையைத் தொடங்கினாள். மதியத்துக்குள் பழைய இயங்குதளம் போய் லினக்ஸ் வந்து உட்கார்ந்துவிட்டது. பொத்தானை அழுத்தினாள். நான் தும்மினேன். தும்மி முடிப்பதற்குள் கணினி திறந்துவிட்டது. நான் மறுபடி தும்மிப் பார்த்தேன், அதற்குள் அது எனக்காகக் காத்திருந்தது.

நாங்கள் இருவரும் அறைக்குள்ளேயே ஒரு சுற்று ஆடினோம். எனக்கு முட்டிவலி. ஆடினேன்.

பிறகு பட்டாணி இணையத்தைத் திறந்தாள். இணையம் இல்லை.

வைஃபை என்ற சின்ன விசிறிப் படமே திரையில் காணோம். எங்கள் கட்டடம் முழுக்க வக்கீலின் வைஃபைதான். அவர் அலுவலக மோடத்திலிருந்து கிளம்பி, மூச்சு வாங்கிக்கொண்டு மூன்று மாடியும் ஏறி வரும். காலைவரை வந்துகொண்டுதான் இருந்தது. சரி, ஒரு பாட்டாவது போடலாம் என்று தன்னிடம் இருந்த ஒன்றைப் போட்டாள். பாடகர் வாய் அசைத்தார். சத்தம் வரவில்லை.

பட்டாணியின் முகம் அப்படியே சுருங்கிப்போயிற்று. அவள் நாற்காலியில் ஏறிச் சம்மணமிட்டு உட்கார்ந்து, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போச்சு தாத்தா.”

“என்ன போச்சு?”

“எல்லாம். டீச்சர் முதல்ல ‘முயன்று பார்’ங்கறதை மட்டும் தட்டச் சொன்னாங்க. அதைத் தட்டினா, பழசை அழிக்காமலே லினக்ஸை ஓட்டிப் பாக்கலாம். வைஃபை வருதா, சத்தம் கேக்குதான்னு பாத்துட்டு அப்புறம் போடணும்னாங்க.”

“நீ பாக்கலையா?”

“தட்டினேன். அதுல ஒரு விளையாட்டு இருந்துச்சு. அதைப் பாத்தேன்.”

அவள் அழுதிருப்பாள் என்று நினைப்பீர்கள். இல்லை. மூக்கை ஒருமுறை உறிஞ்சிக்கொண்டு எனக்கு விளக்கம் சொல்லத் தொடங்கினாள். கணினிக்குள் வைஃபை சில்லும் இருக்கிறது, ஸ்பீக்கரும் மைக்கும் இருக்கின்றன. ஆனால் லினக்ஸ் இந்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறது. சுவரில் சுவிட்ச் இருக்கிறது, மேலே ஃபேன் இருக்கிறது, எந்தச் சுவிட்ச் எந்த ஃபேனுக்கு என்றுதான் தெரியவில்லை. அதைச் சொல்லிக்கொடுக்கும் குட்டி நிரலுக்கு டிரைவர் என்று பெயர். சில பாகங்களின் டிரைவர் கூடவே வந்துவிடும். இந்தக் கிழவனின் வாய்க்கும் காதுக்கும் வைஃபைக்கும் வரவில்லை.

நான்கூட ஒரு காலத்தில் டிரைவர் மாதிரிதான், நான் வேண்டுமானால் ஓட்டட்டுமா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் நிலைமை மோசம் என்று எனக்குப் புரிந்தது.

“சரி, அந்த டிரைவரை எங்கே வாங்கறது?”

“இணையத்துல சும்மாவே கிடைக்கும் தாத்தா. ஆனா இணையத்துக்குப் போக டிரைவர் வேணும்.”

சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டு வெளியே நிற்பது போல ஆகிவிட்டது கதை.

என் கைபேசி பொத்தான் அழுத்திப் பேசும் ரகம். அதைக்கொண்டு ஆணி அடிக்கலாம், இணையத்துக்குப் போக முடியாது. பட்டாணி முதல் மாடிக்கு ஓடினாள். அங்கே கேமராக்காரர் இருக்கிறார். கடைகளில் கண்காணிப்பு கேமரா மாட்டுபவர். ஏணியிலிருந்து விழுந்து கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு, நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். ஏணியின் உச்சியிலிருந்து விழுந்தாரா என்று கேட்காதீர்கள். கீழ்ப்படியிலிருந்து விழுந்தார். அதைப் பேசினால் அவருக்குக் கோபம் வரும்.

அவர் தன் கைபேசியையும் சார்ஜ் போடும் வயரையும் கொடுத்தார். கைபேசியைக் கணினியில் செருகினால், அதன் வழியாக இணையம் வரும் என்றார். பட்டாணி மேலே வந்து செருகினாள். கைபேசி சமர்த்தாகச் சார்ஜ் ஏறியது. வேறு எதுவும் நடக்கவில்லை. அந்த வயருக்குச் சோறூட்டத்தான் தெரியும், பேசத் தெரியாது என்று பட்டாணி கண்டுபிடித்தாள். மலிவான வயர்களில் அப்படி ஒரு ரகம் உண்டாம். கட்டடத்தில் வேறு வயர் எதுவும் அந்தக் கைபேசிக்குப் பொருந்தவில்லை.

மறுபடி கீழே ஓடினாள். இந்த முறை கேமராக்காரர் தாடையைச் சொறிந்தார். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்த அட்டைப் பெட்டியைக் காட்டினார். அதற்குள் சுருள் சுருளாக நீல வயர். கேமராவுக்கு இழுக்கும் வயர்தான், மோடத்திலிருந்து கணினிக்கும் அதையே இழுக்கலாம். கம்பி வழியாக வரும் இணையத்துக்குத் தனி டிரைவர் தேடவேண்டி இருக்காது, அது அநேகமாக லினக்ஸோடேயே வந்திருக்கும் என்றார்.

வழி கிடைத்துவிட்டது. ஆனால் மோடம் இருப்பது வக்கீலின் அலுவலகத்தில்.

நானும் பட்டாணியும் கீழே போனோம். வக்கீல் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கடைசிவரை கேட்டார். கேட்பதில் அவர் குறை வைக்க மாட்டார், நம்புவதில்தான்.

“ஸ்பீக்கர் எரிஞ்சுபோச்சு. வைஃபையும் எரிஞ்சுபோச்சு. புதுசு வாங்கச் சொல்லு.”

“ரெண்டும் ஒரே நேரத்துல எரியுமா மாமா? காலையில வரைக்கும் பாடிச்சே.”

“பாடிச்சுங்கறதுக்கு யார் சாட்சி?”

“லிஃப்ட் தாத்தா.”

வக்கீல் என்னைப் பார்த்தார். “இவர் சாட்சி சொன்னா, நடந்ததுகூட நடக்காததா ஆயிடும்.”

நான் என் வாழ்நாளில் ஒரு பொய் சொன்னதில்லை. உண்மையைக் கொஞ்சம் நீட்டுவேன், அவ்வளவுதான். துணியை இழுத்துக் காயப்போடுவதில்லையா, அதுபோல.

பட்டாணி அங்கேயே நின்று யோசித்தாள். கண்ணைச் சுருக்கி, வாயை ஒருபக்கமாகக் கோணி யோசித்தாள். பிறகு, ஸ்பீக்கர் எரியவில்லை என்று காட்டினால் மோடத்தில் வயரைச் செருக விடுவீர்களா என்று கேட்டாள். காட்டு, பார்க்கலாம் என்றார் வக்கீல். சொன்னதை நம்ப மாட்டார், ஆனால் பார்க்கக் கூப்பிட்டால் வர மறுக்கவும் மாட்டார். மறுத்தால் அவர் தொழிலுக்கே இழுக்கு.

மூன்று மாடி ஏறி வந்து, மேசைக்கு முன் கைகட்டி நின்றார். பட்டாணி கணினியை அணைத்தாள். எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னாள். எல்லோரும் என்றால் நான்தான். பிறகு பொத்தானை அழுத்தினாள்.

‘பீப்.’

திரையில் ஒரு எழுத்துகூட வருவதற்கு முன்பே வந்தது அந்தச் சத்தம்.

“இது எங்கேயிருந்து வந்துச்சு?” என்றார் வக்கீல்.

“ஸ்பீக்கர்ல இருந்து. லினக்ஸ் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி கணினி தானாவே போடற சத்தம் மாமா. வாய் எரிஞ்சிருந்தா இது வருமா?”

வக்கீல் குனிந்து கணினியின் இரண்டு பக்கமும் பார்த்தார். என் சட்டைப் பையையும் பார்த்தார், நான் ஏதாவது ஊதியிருப்பேனோ என்று. இன்னொரு முறை போடச் சொன்னார். இன்னொரு முறையும் பீப்.

“சரி. வாய் இருக்குங்கறதை ஒத்துக்கறேன்,” என்றார். “மத்த எதையும் ஒத்துக்கலை. வயரைக் கொண்டு வா. மோடத்துப் பக்கத்துல நான் உக்காந்து பாப்பேன்.”

அடுத்து நடந்ததைச் சொல்ல எனக்கு இரண்டு வாய் வேண்டும்.

பட்டாணி எங்கள் வீட்டுத் துணிக்கயிற்றை அவிழ்த்தாள். தன் வீட்டு ஜன்னல் வழியாக அதைக் கீழே விட்டாள். முதல் மாடி ஜன்னலில் கேமராக்காரர் காலைத் தூக்கிவைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்த நீல வயருக்குள் எட்டுக் குட்டி வயர்கள், எட்டும் எட்டு நிறம். அவர் அவற்றை வரிசையாக அடுக்கி, கண்ணாடி மாதிரி இருந்த ஒரு சின்னப் பிளக்கில் நுழைத்து, இடுக்கி போன்ற கருவியால் நறுக்கென்று அழுத்தினார். அதைக் கயிற்று முனையில் கட்டினார். பட்டாணியும் நானும் கிணற்றில் வாளி இழுப்பதுபோல இழுத்தோம்.

தெருவில் போனவர்கள் நின்றார்கள். சைக்கிள்கள் நின்றன. காகங்கள்கூடப் பறப்பதை நிறுத்திவிட்டு அப்படியே காற்றில் நின்று பார்த்தன. நான் வயரை இழுத்த வேகத்தில் அதை என்னைச் சுற்றியே சுற்றிக்கொண்டுவிட்டேன். பட்டாணி என்னை மூன்று தடவை பம்பரம்போலத் திருப்பிப் பிரித்தெடுத்தாள்.

கேமராக்காரர் மறுமுனையை வெட்டி, அதிலும் பிளக் மாட்டி, கீழே வக்கீலின் ஜன்னலுக்கு விட்டார். வக்கீல் அதை வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, மோடத்தில் செருகினார். இங்கே பட்டாணி கணினியில் செருகினாள்.

ஒரு பச்சை விளக்கு கண் சிமிட்டியது. திரையின் மூலையில் ஒரு சின்ன அடையாளம் வந்தது. இணையம் வந்துவிட்டது.

பட்டாணி டிரைவர் தேடும் பகுதியைத் திறந்தாள். உனக்கு வைஃபை சில்லு இருக்கிறதே, அதற்கு இது வேண்டும், உன் ஒலிக்கு அது வேண்டும் என்று கணினியே சொன்னது. அவள் நிறுவு என்பதைத் தட்டினாள். ஒரு நீளக்கோடு மெதுவாக நிரம்பத் தொடங்கியது. நாங்கள் மூச்சு விடாமல் பார்த்தோம். நான் அந்த மூச்சை இன்னும் முழுதாக விட்டு முடிக்கவில்லை.

கோடு பாதிக்கு வந்தது. பாதியைத் தாண்டியது.

திடீரென்று கணினி மேசைமேல் தானாக நகர்ந்தது. ‘டக்’ என்று வயர் கழன்று ஜன்னலை நோக்கிப் பாய்ந்தது. திரை இருண்டது.

பேய் பிடித்துவிட்டது என்று நான் முடிவு கட்டினேன். பட்டாணி வயரின் நுனியைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடிக் கீழே எட்டிப் பார்த்தாள்.

இரண்டாம் மாடியில் தையல்காரம்மா குடியிருக்கிறார். துணியை வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைப்பது அவர் வழக்கம். இல்லையென்றால் தைத்த பிறகு சுருங்கிவிடும். அன்றைக்கு வாளி நிறைய நனைத்த துணியோடு பால்கனிக்கு வந்திருக்கிறார். பார்த்தால், எதிரே ஒரு புத்தம்புது நீலக்கயிறு தொங்குகிறது. யாரோ நல்லவர்கள் கட்டியிருக்கிறார்கள் என்று மகிழ்ந்துபோய், அதை உள்ளே இழுத்து, பால்கனியின் இந்தக் கம்பிக்கும் அந்தக் கம்பிக்குமாகக் கட்டி, துணிகளை வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார். ஒரு சிறிய கப்பலுக்குப் பாய் கட்டப் போதுமான துணி அது.

“அத்தை, அது கயிறு இல்ல,” என்றாள் பட்டாணி மேலிருந்து.

“பின்னே என்னம்மா?”

“இணையம்.”

தையல்காரம்மா கையிலிருந்த துணியைப் பார்த்தார், வயரைப் பார்த்தார். இணையத்தின்மேல் துணி காயப்போட்ட முதல் ஆள் தாம்தான் என்று புரிந்ததும் கையிலிருந்ததை வாளிக்குள் போட்டுவிட்டார். கீழேயிருந்து வக்கீல், மோடத்தில் விளக்கு அணைந்துவிட்டது, எனக்கு அப்போதே தெரியும் என்று குரல் கொடுத்தார். தேர்வு என்ன ஆயிற்றோ, அம்மாவின் வேலை என்ன ஆயிற்றோ என்று தையல்காரம்மா அங்கேயே புலம்ப ஆரம்பித்தார்.

நானாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். பட்டாணி கேட்கவில்லை. சும்மா கிடந்த எங்கள் துணிக்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டாம் மாடிக்கு இறங்கினாள். முதலில் அதைப் பால்கனியில் கட்டினாள். ஈரத்துணிகளை ஒவ்வொன்றாக அதற்கு மாற்றினாள். நனைத்த துணி கீழே விழுந்து அழுக்கானால் அத்தையின் வேலை கெட்டுவிடுமே, அதனால்தான் அவிழ்க்கும் முன் மாற்றினேன் என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

தையல்காரம்மாவுக்கு உயிர் வந்தது. தம்மிடம் இருந்த துணிக்கவ்விகளையெல்லாம் எடுத்து, நீல வயரைப் பால்கனிக் கம்பியோடு சேர்த்து இறுகக் கவ்வி வைத்தார். இனி யார் இழுத்தாலும் மேலே இருக்கும் கணினி அசையாது. காவலுக்கு ஒரு முக்காலியும் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பட்டாணி மேலே ஓடிவந்தாள். கணினியைப் பென்சில் கோட்டுக்குள் திரும்ப வைத்தாள். மாவு டப்பாவை ஒரு மயிரிழை தள்ளினாள், இன்னொரு மயிரிழை இழுத்தாள். திரை வெளிச்சமானது. பாதியில் நின்றுபோன வேலை என்று ஒரு செய்தி இருந்தது. வயரைச் செருகி, மறுபடி நிறுவு என்பதைத் தட்டினாள். கோடு முதலிலிருந்து ஊரத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்து அம்மா வந்துவிட்டார்.

அவர் கண்ணில் பட்டதை நினைத்துப் பாருங்கள். தரைத்தளத்தில் வக்கீல் மோடத்துக்கு முன் உட்கார்ந்து அதை முறைத்துக்கொண்டிருக்கிறார். முதல் மாடி ஜன்னலில் கேமராக்காரரின் கட்டுப்போட்ட கால் தெரிகிறது. இரண்டாம் மாடியில் தையல்காரம்மா ஒரு வயருக்குக் காவல் இருக்கிறார். மூன்றாம் மாடிவரை நீல வால் ஒன்று ஆடுகிறது.

அம்மா ஓடி வந்து வாசலில் நின்றார். பட்டாணி எழுந்தாள். நான் ஏதாவது சமாளித்துச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“அம்மா, நான் சத்தம் கேக்குதான்னு பாக்காமலே லினக்ஸைப் போட்டுட்டேன். இப்ப சரி பண்ணிட்டு இருக்கேன். இன்னும் கொஞ்சம் நேரம் வேணும்.”

அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். பட்டாணியின் சட்டை முழுக்கத் துணி ஈரம், தலைமுடியில் ஒரு துணிக்கவ்வி. அம்மா அதை மெதுவாக எடுத்துவிட்டு, “நான் முகம் கழுவிட்டு வரேன்” என்றார். அவர் கழுவி முடிப்பதற்குள், பட்டாணி பக்கத்தில் நின்று காலையிலிருந்து நடந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்தாள்.

கோடு நிரம்பியது. கணினியை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். போட்டாள். பீப். திரை வந்தது. மூலையில் சின்ன விசிறிப் படம் வந்தது.

பட்டாணி ஒலிச் சோதனையைத் தட்டினாள். இடப்பக்கம் ஒரு குரல் பேசியது, வலப்பக்கம் ஒரு குரல் பேசியது. நான் அந்தக் குரலுக்கு வணக்கம் சொன்னேன். நான் சொன்னதும் மைக்கின் பச்சைக் கோடு துள்ளியது. வாய் பேசியது, காது கேட்டது.

வக்கீல் மூச்சிரைக்க மேலே வந்துவிட்டார். வைஃபை வந்துவிட்டது என்று சொன்னோம். அவர் யாரையும் கேட்காமல் நீல வயரைப் பிடுங்கினார். எனக்கு இதயம் நின்றேவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அதுவாகவே திரும்ப ஓடியது. இணையம் போகவில்லை. வக்கீல் வயரின் நுனியைக் கையில் வைத்துக்கொண்டு, திரையையும் அதையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றார்.

ஐந்து மணி தாண்டிச் சில நிமிடம் ஆகிவிட்டது. அம்மா அவசரமாக உட்கார்ந்தார். திரையில் ஓர் அதிகாரியம்மா தோன்றினார். நாங்கள் கணினியின் கேமராவுக்குத் தெரியாதபடி சுவரோரம் ஒண்டிக்கொண்டோம்.

முதலில் சில கேள்விகள். பிறகு ஒரு மருத்துவரின் குரல் ஓடியது. மூக்கடைப்போடு, ரயிலைப் பிடிக்கப் போகிறவர்போலப் பேசினார். அம்மாவின் விரல்கள் மழையாகப் பெய்தன. கணினி ஒருமுறைகூட முனகவில்லை. கடைசியில் அதிகாரியம்மா எதையோ பார்த்துத் தலையாட்டினார்.

“பிழையே இல்லை. திங்கட்கிழமையிலிருந்து சேர்ந்துக்கலாம். சாயங்காலத்தோட வேலை முடிஞ்சிடும், பரவாயில்லையா?”

பரவாயில்லை என்று அம்மா சொல்வதற்குள், பட்டாணி என் கையைப் பிடித்து நசுக்கிய நசுக்கில் என் கைரேகையே மாறிவிட்டது.

“ஒண்ணு மட்டும் கேக்கணும்,” என்றார் அதிகாரியம்மா. “ஏன் தாமதம்?”

மின்சாரம் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். அம்மா சுவரோரம் பட்டாணியைப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் நடந்தபடியே சொன்னார். வாய் திறக்காத கணினி, ஜன்னல் வழியே இழுத்த நீல வயர், அதில் காய்ந்த துணி, எதையும் விடவில்லை.

அதிகாரியம்மா சிரித்துவிட்டார். வேலை வேலைதான், அதில் மாற்றமில்லை, ஆனால் தாமதத்துக்கு இப்படி ஒரு காரணத்தை இதுவரை யாரும் சொன்னதில்லை என்றார். “நிஜமாவா? யாராவது பாத்தாங்களா?”

நான் சட்டையைச் சரிசெய்துகொண்டு முன்னால் போனேன். யானைகளையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். யாரோ என் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார்கள்.

வக்கீல். நீல வயர் இன்னும் அவர் கையில் இருந்தது. அவர் கண்ணாடியைச் சரிசெய்து, தொண்டையைச் செருமி, கேமராவுக்கு நேராகக் குனிந்தார்.

“நான் பாத்தேன்,” என்றார். “மேலேயும் பாத்தேன், கீழேயும் பாத்தேன். நடந்துச்சு.”